சாமியிடம் கோபித்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. எம்.எஸ்சி. முடித்துவிட்டு குரூப் 2 தேர்வுக்குப் படித்தேன். முதல்நிலைத் தேர்வில் தேறி, முதன்மைத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமயத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. படிப்பை அப்படியே விட்டுவிட்டு, உள்ளூர்த் தனியார் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். நிச்சயமாகியிருந்த திருமணமும் நின்றுபோனது. பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போய்வந்த எனக்கு, இப்போது கோபுரத்தைக் கண்டாலே கோபம் வருகிறது. எல்லோரும் ‘பொறுமையாக இரு, நம்பிக்கையை விடாதே’ என்கிறார்கள். கோபப்படுவது பாவமா? ஜோதிடர் சொன்ன பரிகாரத்தைக் கடன் வாங்கியாவது செய்ய வேண்டுமென்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: சகோதரி, பாவமில்லை. கோபத்தை மறைத்துக்கொண்டு கைகூப்புவதுதான் பக்தி என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. உங்கள் மாவட்டத் தலைநகரான திருவாரூர்ப் பெருமானை நேருக்கு நேர் வைதவரை நாம் நாயன்மாராக வைத்துக் கும்பிடுகிறோம்.

சுந்தரரைத்தான் சொல்கிறேன். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், தாம் மணக்கவிருந்த சங்கிலியாரிடம், உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்தவர், வசந்த விழாவின் நினைவு வந்து திருவாரூருக்குப் புறப்பட்டார். ஊர் எல்லையைக் கடந்ததும் இரண்டு கண்களும் போயின. (அவர் இழந்தது வாக்குத் தவறியதால். உங்கள் கணக்கில் அப்படியொரு தவறு இல்லை. ஆகையால், ‘நான் என்ன பாவம் செய்தேனோ’ என்று இந்த இடத்தில் தொடங்கிவிடாதீர்கள்.) பார்வையில்லாமல் தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் போய், ‘கோயிலுக்குள் இருக்கிறீரா?’ என்று கேட்டவருக்குக் கண் கிடைக்கவில்லை. ஓர் ஊன்றுகோல் கிடைத்தது, கூடவே ‘இருக்கிறோம், போம்’ என்ற பதிலும். சென்னைக்கு அருகே பூண்டி நீர்த்தேக்கம் வந்தபோது அந்தப் பழைய கோயில் நீருக்குள் போக, கரையில் புதிதாக எழுப்பினார்கள். அங்கே இன்றும் நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கும். ஆத்திரத்தில் சுந்தரர் வீசிய கோல் பட்டு ஒடிந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. ஒடிந்த கொம்பை ஒட்டவைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி.

காஞ்சிபுரத்தில் இடக்கண் வந்தது. வலக்கண்ணுக்கு, அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவிலுள்ள திருவாரூர் வரை போக வேண்டியிருந்தது. இடையில் உடம்பில் நோய் வேறு. திருவாரூர்ச் சந்நிதியில் அவர் கெஞ்சவில்லை. அடியார்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லும்போதும் சும்மா இருப்பீரானால், நீர் மட்டும் ‘வாழ்ந்து போதீரே’ (நன்றாக வாழ்ந்துகொள்ளும்) என்று பாட்டுக்குப் பாட்டு இடித்துக் கேட்டார். ஆனால் அந்தக் கோபத்தை அவர் வேறெங்கும் கொண்டுபோகவில்லை, உரியவரிடமே கொண்டுபோனார். நம்பிக்கை என்று நான் புரிந்துகொண்டிருப்பது அதைத்தான். பொறுமையும் அவரிடம் இருந்தது. கண் வரட்டும், பிறகு நடக்கலாம் என்று உட்கார்ந்துவிடாமல், கோலோடும் பிறகு ஒற்றைக் கண்ணோடும் அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டே இருந்தாரே, அதில் இருந்தது.

உங்களுக்கு இப்போது பள்ளி வேலைதான் ஊன்றுகோல். ஆசைப்பட்டது அதுவல்ல என்பதால் அதை மட்டமாக நினைக்க வேண்டாம்; அதுவே போதும் என்று திருப்திப்பட்டுக்கொள்ளவும் வேண்டாம். முதல்நிலைத் தேர்வில் தேறிய மூளை எங்கும் போய்விடாது. அடுத்த அறிவிக்கை வரும்போது உங்கள் பிரிவுக்குரிய வயது வரம்பைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்; அதுவரை இரவில் ஒரு மணி நேரம் புத்தகத்தைத் தொட்டால் போதும். திருமணம் நின்றதைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதைக் கிளறவில்லை.

பரிகாரத்துக்குக் கடன் வாங்க வேண்டாம். வட்டிக்குப் பணம் வாங்கி வந்தால்தான் அருள்வேன் என்று எந்தச் சாமியும் கேட்டதில்லை. உங்களிடம் மிஞ்சும் பணத்தை அப்பாவின் பிசியோதெரபிக்குச் செலவிடுங்கள். அம்மாவுக்கு மனம் ஆறவில்லை என்றால், உள்ளூர்ச் சிவன் கோயிலில் அப்பா பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வரட்டும். நீங்களும் கூடப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை.