ரிசெப்ஷனுக்கு பார் வைக்கிறீர்களா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் 15 வருஷமாக பார் பொறுப்பாக நிற்கிறேன். கோடை கால ரிசெப்ஷன்கள் நெருங்குவதால் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் ஒன்ராறியோவுக்கு மட்டும்தான். மற்ற மாகாணங்களில் வேறு விதி.

அண்ணை, 300 பேர் வருகிறார்கள். எவ்வளவு வாங்க வேண்டும்?

300 பேரும் குடிக்கப் போவதில்லை, தம்பி. அழைப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு அப்பாவோடும் சித்தப்பாவோடும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். குடிப்பவர், ஒன்றோடு நிற்பவர், தொடாதவர் என்று ஒவ்வொரு பெயருக்கும் குறி போடுங்கள். நான் பார்த்தவரை 300 பேர் கல்யாணத்தில் 130, 140 பேர்தான் குடிப்பார்கள்.

140 என்றே வைப்போம். ஐந்து மணி நேரம் பார் திறந்திருந்தால் மணிக்கு ஒன்று வீதம் 700 கிளாஸ். எங்கள் ஆட்கள் விஸ்கிப் பக்கம் சாய்பவர்கள். அதனால் பாதியை விஸ்கி, பிராண்டி போன்ற ஹாட் டிரிங்சுக்கும், முப்பது வீதத்தை பியருக்கும், மிச்சத்தை வைனுக்கும் ஒதுக்குவேன். அதாவது 350, 210, 140.

ஒரு ஷொட் 43 மில்லி. 1.14 லீட்டர் போத்தலில் 26 ஷொட் வரும், ஆகவே 14 போத்தல். அதில் எட்டு விஸ்கி, பிராண்டியும் வொட்காவும் இரண்டிரண்டு, ரம்மும் ஜின்னும் ஒவ்வொன்று. பியர் 24 கேன் பெட்டி ஒன்பது. வைன் போத்தலுக்கு ஐந்து கிளாஸ் என்றால் 28 போத்தல். மணமக்களுக்காகக் கிளாஸ் உயர்த்த ஷாம்பெய்ன் வைத்தால் போத்தலுக்கு ஆறு சின்னக் கிளாஸ் என்று தனியாகக் கணக்குப் பண்ணுங்கள்.

வழக்கமாக எல்லோரும் குறைத்து வாங்குவது சோடாவும் கோக்கும்தான். ஷொட்டுக்கு 150 மில்லி கலந்தாலே 350 ஷொட்டுக்கு 50 லீட்டருக்கு மேல் போகும். பிள்ளைகள் குடிக்கும் கோக் இதில் சேராது.

மாமா டியூட்டி ஃப்ரீயில் ஆறு போத்தல் கொண்டு வந்திருக்கிறார். ஊர்ச் சாராயமும் இருக்கிறது. பாரில் வைக்கலாமா?

வைக்க முடியாது, தங்கச்சி. மண்டபத்துக்கு லைசென்ஸ் இருந்தால், அந்த லைசென்சில் அவர்கள் வாங்கிய மதுவைத்தான் அங்கே ஊற்றலாம். லைசென்ஸ் இல்லாத மண்டபம் என்றால் ஏஜிசிஓ என்ற மாகாண ஆணையத்திடம் ஸ்பெஷல் ஒக்கேஷன் பெர்மிட் எடுக்க வேண்டும். குடிக்கு விருந்தினரிடம் காசு வாங்காத கல்யாணத்துக்கு நாளொன்றுக்கு 50 டொலர். பெர்மிட்டிலும் எல்சிபிஓ என்ற மாகாண அரசின் மதுக்கடை, பியர் ஸ்டோர் போன்ற இடங்களில் சட்டப்படி வாங்கியதைத்தான் வைக்கலாம். பெர்மிட்டையும் பில்லையும் மண்டபத்திலேயே கையில் வைத்திருங்கள், பரிசோதகர் வந்தால் கேட்பார். வீட்டில் செய்த வைனுக்கு விதிவிலக்கு உண்டு, காசு வாங்காமல் கல்யாண வீட்டில் கொடுக்கலாம்.

மாமாவின் போத்தல்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கல்யாணம் முடிந்த பிறகு, வீட்டுக்கு வரும் சொந்தங்களுக்கு உதவும்.

மண்டபத்துக்காரர் தலைக்கு இவ்வளவு என்று பக்கேஜ் சொல்கிறார். குடித்ததற்கு மட்டும் பில் போடும் முறையும் இருக்கிறதாம். எது லாபம்?

மேலே சொன்ன பட்டியல் கையில் இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். பாதிப் பேர் தொடாத கூட்டத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டுவது நட்டம். பிள்ளைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் தனி விலை கேளுங்கள். பலர் கொடுப்பார்கள், ஆனால் கேட்டால்தான் கொடுப்பார்கள். சொன்ன விலைக்கு மேலே 13 வீத எச்எஸ்டி என்ற விற்பனை வரியும் சேவைக் கட்டணமும் வரும். எல்லாம் சேர்த்த தொகையை எழுத்தில் வாங்காமல் முற்பணம் கட்டாதீர்கள்.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிளாக் லேபல் விஸ்கி வைத்தால்தான் மரியாதை என்று அப்பா நிற்கிறார்.

அப்பாவின் மனசு விளங்குகிறது. வந்தவர்கள் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டி வரக் கூடாது என்று நினைக்கிறார். ஆனால் மேசையில் போத்தல் இருந்தால் அளவு என்ற ஒன்றே இருக்காது. நான் நின்ற ஒரு கல்யாணத்தில் ஏழாம் மேசையில் நாலு பேர் ஒரு மணி நேரத்தில் போத்தலை முடித்துவிட்டு, பக்கத்து மேசைப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அங்கே இருந்தது இரண்டு குடும்பம், சின்னப் பிள்ளைகளோடு. ஒருவரும் வாய் திறக்கவில்லை, எழும்பிப் போய்விட்டார்கள்.

மேசைக்கு வைன் வையுங்கள். விஸ்கி கேட்பவர்களுக்காக ஒரு சேர்வரைத் தட்டோடு மேசை மேசையாக அனுப்புங்கள். கேட்காமலே கிளாஸ் கைக்கு வரும், அப்பா விரும்பும் மரியாதையும் கிடைக்கும். அளவு எங்கள் கையில் இருக்கும்.

பார் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூட வேண்டும்?

எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது இது. எங்கள் ரிசெப்ஷனில் அழைப்பிதழில் ஆறரை என்று இருக்கும். ஆட்கள் ஏழரைக்கு வருவார்கள், மணமக்கள் எட்டரைக்கு உள்ளே வருவார்கள். பேச்சு, கேக், பிள்ளைகளின் டான்ஸ் எல்லாம் முடிந்து சாப்பாடு திறக்கும்போது பத்தரை. அதுவரை மூன்று மணி நேரம் வெறும் வயிற்றில் குடி. சண்டை, வாந்தி, மேடையில் மைக்கைப் பிடுங்குவது என்று நான் பார்த்த கரைச்சல்களில் பெரும்பாலானவை ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில்தான் நடந்தன.

அதனால் பார் திறக்கும் அதே நிமிஷத்தில் பைட்ஸ் வெளியே வர வேண்டும். மட்டன் ரோல்ஸ், கட்லட், டெவில்ட் சிக்கன் என்று வயிற்றில் நிற்கிற சாமான். கடலையும் மிக்சரும் மட்டும் போதாது, உப்புக்கு இன்னும் தாகம்தான் எடுக்கும். மணமக்கள் நுழையும் நேரமும் பேச்சு நேரமும் பாரை நிறுத்துங்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் கூட்டம் தானாகத் தணியும். சாப்பாட்டை ஒன்பதரைக்கு இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். டான்ஸ் சாப்பாட்டுக்குப் பிறகும் ஆடலாம்.

சட்டப்படி அதிகாலை 2 மணி வரை ஊற்றலாம். நான் ஹோல் முடிகிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிட்டு தேத்தண்ணி வைப்பேன்.

பார்ட்டெண்டர் எத்தனை பேர்? எங்கள் கசின் ஊற்றுவான் என்கிறான்.

குடிப்பவர் ஐம்பது பேருக்கு ஒருவர். லைசென்ஸ் மண்டபத்தில் மது பரிமாறுபவருக்கு ஸ்மார்ட் சேர்வ் என்ற பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். நகரசபை மண்டபங்கள் பலவும் கேட்கும். கசினை விடுங்கள். அவன் ஆட வேண்டிய நாள், அதோடு பெரியப்பாவுக்குப் “போதும்” என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

ஐஸ்?

குடிப்பதற்கு ஆளுக்கு அரைக் கிலோ. பியர் குளிர வைக்க அதே அளவு இன்னொரு மடங்கு. மண்டபத்து ஐஸ் மெஷின் போதுமா என்று முதலே கேளுங்கள். கோடையில் இரவு ஒன்பது மணிக்கு ஐஸ் தேடிக் கடை கடையாக ஓடியிருக்கிறேன்.

ஒருவர் அளவு மீறிக் குடித்துவிட்டுக் கார் எடுத்தால் எங்களுக்குப் பொறுப்பு வருமா?

2006 இல் கனடா உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ஆளாளுக்குப் போத்தல் கொண்டு வந்த ஒரு வீட்டு பார்ட்டிக்குப் பிறகு நடந்த விபத்தில், வீட்டுக்காரருக்குப் பொறுப்பு இல்லை என்று சொன்னது. சிலர் இதைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இருக்கிறார்கள். இருக்காதீர்கள். பெர்மிட்டில் உங்கள் பெயர் இருந்தால் அந்த இடத்தில் நடப்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். மது விற்கும் மண்டபத்தின் பொறுப்பு அதைவிடப் பெரியது.

ஒன்ராறியோவில் இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 வீதம் வந்தாலே முதல் தடவையே சில நாளுக்குக் கார் ஓட்டும் லைசென்ஸ் போகும். 21 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் ஓட்டினால் ஒரு துளியும் இருக்கக் கூடாது. 19 வயதாகாதவருக்கு எந்தக் கல்யாணத்திலும் ஊற்ற மாட்டோம், மணமகளின் தம்பியாக இருந்தாலும்.

எங்கள் கூட்டத்தில் பாரைவிடப் பெரிய ஆபத்து கார் பார்க். டிக்கியைத் திறந்து வைத்துப் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றுவார்கள். அதுவும் குற்றம்தான். எத்தனை கிளாஸ் போனது என்று ஒருவருக்கும் தெரியவும் வராது. குடிக்காத இரண்டு மருமகன்மாரைப் பிடித்து, அரை மணிக்கு ஒரு தடவை வெளியே ஒரு நடை நடக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்ப இரண்டு வேன் பேசி வையுங்கள். பூ அலங்காரத்தில் ஒரு வளைவைக் குறைத்தால் வேன் காசு வந்துவிடும்.

மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கலாமா?

எல்சிபிஓவில் திறக்காத போத்தலை பில்லோடு 30 நாளுக்குள் கொடுக்கலாம். ஆனால் மறுபடி விற்கிற நிலையில் இருக்க வேண்டும். ஐஸ் தண்ணியில் ஊறி லேபல் கழன்ற வைனை எடுக்க மாட்டார்கள். ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாக ஐசுக்குள் போடாமல், தீரத் தீரப் போடுங்கள். வெறும் போத்தலையும் எறியாதீர்கள். திருப்பிக் கொடுத்தால் பெரியதற்கு 20 சதம், சின்னதற்கும் பியர் கேனுக்கும் 10 சதம்.

அப்பா குடியால்தான் போனவர். என் ரிசெப்ஷனில் பார் வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை, ஆனால் அந்தப் பேச்சு வந்தால் எழும்பிப் போய்விடுகிறா. மாப்பிள்ளை வீட்டார் பார் வேண்டும் என்கிறார்கள். என்ன செய்ய?

தங்கச்சி, பார் இல்லாத ரிசெப்ஷனும் நான் பார்த்திருக்கிறேன், நல்லாகவே நடந்தது. மாப்பிள்ளையிடம் காரணத்தைச் சொல்லுங்கள். தெரியாமல்தான் கேட்கிறார்களோ என்னவோ.

அப்படியும் வேண்டும் என்றால், பாரை ஹோலுக்குள் வைக்காமல் வெளி வராந்தாவில், அம்மா இருக்கும் மேசையின் கண்ணில் படாத பக்கம் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் மட்டும் திறக்கட்டும். ஹாட் டிரிங்ஸ் வேண்டாம், பியரும் வைனும் போதும். கிளாசை ஹோலுக்குள் கொண்டு வர வேண்டாம் என்று கதவடியில் நிற்கும் ஆளிடம் சொல்லி வைக்கலாம். ஹோலுக்குள்ளே ஒரு நல்ல ஜூஸ் பார் போடுங்கள். மது இல்லாத இஞ்சிப் பியர், மாம்பழம், புதினா போட்ட தேசிக்காய்த் தண்ணி, எல்லாம் நல்ல கண்ணாடிக் கிளாசில். மணமக்களுக்காகக் கிளாஸ் உயர்த்தும்போது எல்லோர் கையிலும் இஞ்சிப் பியர் இருக்கட்டும். முதல் கிளாசை அம்மாவுக்கு நீங்களே கொண்டு போய்க் கொடுங்கள்.