பழைய பிரிட்டிஷ் ராணுவத் தொப்பிச் சின்னங்களில் அசல் எது, போலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏற்கெனவே ஒன்றை வாங்கிவிட்டு, வயிற்றில் புளி கரைக்கக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் சின்னத்தைத் திருப்பிப் பாருங்கள். அசல் பெரும்பாலும் தகட்டை அச்சில் அடித்துச் செய்தது; அப்படியென்றால், முன்னால் புடைத்திருப்பது பின்னால் அப்படியே குழிந்திருக்கும். முதுகு தட்டையாக, பொடிப் பொடிப் பள்ளங்களோடு சொரசொரப்பாக இருந்தால் வார்ப்பு; பெரும்பாலும் போலி. (அதிகாரிகளின் சின்னங்களில் தட்டை முதுகும் உண்டு. நான் சொல்வது சாதாரணச் சிப்பாய் அணிந்ததைப் பற்றி. விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) முன்பக்கம் மழுங்கியிருந்தால் பயப்படாதீர்கள், சிப்பாய்கள் ஓயாமல் பாலிஷ் போட்டுத் தேய்த்தது அது. முகம் தேய்ந்து முதுகு கறுத்திருந்தால் நல்ல அறிகுறி.

என்னிடம் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் சின்னம் ஒன்று இருக்கிறது. தீ கக்கும் கையெறி குண்டு, அதன்மேல் ஒரு புலி, கீழே ஒரு யானை. அயர்லாந்துப் படைக்கு யானை எங்கிருந்து வந்தது? கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸில் திரட்டிய வெள்ளையர் படையும் பம்பாய்ப் படையும் 1881இல் இணைந்துதான் அந்தப் பெயரைப் பெற்றன. 1922இல் கலைத்துவிட்டார்கள். அதனால் கிராக்கி அதிகம், போலியும் அதிகம்.

"1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய பிரிட்டிஷ் அதிகாரி நீல் நடத்திய படைதானே, அதையா கொண்டாடுகிறாய்?" என்று சிலர் கேட்பார்கள். தெரியும் சார். மவுண்ட் ரோட்டில் நின்ற அவன் சிலையை 1937இல் அகற்றி மியூசியத்தில் வைத்தார்கள். அங்கே வைக்கலாம், என் மேசை இழுப்பறையில் வைக்கக் கூடாதா?

லண்டனுக்கு வந்திருந்த என் சித்தி, "எவ்வளவு அழுக்கு!" என்று அந்தச் சின்னத்தைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார், முதுகையும் சேர்த்து. நூறு வருடக் கறுப்பு, அதுதான் சாட்சி, போயே போச்சு. இனி விற்கப் போனால் யார் நம்புவார்கள்? வீட்டில் எல்லோரும் சித்தி பக்கம். இதே கூட்டம்தான் பாட்டியின் பித்தளை அண்டாவையும் குத்துப்போணியையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் குடம் வாங்கியது. அதைக் கேட்டால் இன்றுவரை யாரும் வாய் திறப்பதில்லை.

சரி, பல சின்னங்களில் இருக்கும் கிரீடத்துக்கு வருவோம். மேல்வளைவு உருண்டையாக இருந்தால் 1901க்குப் பிந்தைய ராஜா காலம், நடுவில் அமுங்கியிருந்தால் 1953க்குப் பிந்தைய ராணி காலம் என்பார்கள். விக்டோரியா காலத்திலும் அமுங்கிய கிரீடம் உண்டு. சார்லஸ் வந்தபின் உருண்டை மறுபடி வந்துவிட்டது. எனவே கிரீடத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். விற்பவரிடம் முதுகுப் படம் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் வாங்காதீர்கள்.