ஒரு நாட்டின் நில அமைப்பு அதன் பொருளாதாரத்தையும் அடையாளத்தையும் எப்படித் தீர்மானிக்கிறது?

நான் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு மேற்குத் தொடர்ச்சி மலைதான் நினைவுக்கு வந்தது.

தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலையில் முட்டி, மழையில் பெரும்பங்கைக் கேரளத்திலேயே கொட்டிவிடுகிறது. நாம் இருப்பது மழைமறைவுப் பக்கம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையை நம்பித்தான் பிழைப்பு. அங்கே வீட்டுக்கு வீடு கிணறு, சுற்றிலும் தோப்பு என்று தள்ளித் தள்ளிக் குடியிருக்கிறார்கள். நம் ஊர்களில் வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்பதற்குக் கண்மாய், அதாவது ஊர் ஏரி, ஒரு முக்கியக் காரணம் என்பேன். தண்ணீர் ஒரே இடத்தில் தேங்கினால் ஊரே கூடித்தான் அதைக் காக்கவும் பங்கு வைக்கவும் வேண்டும். மடை திறக்க நீர்பாய்ச்சி என்று ஓர் ஆள், அவருக்குக் களத்திலேயே நெல் அளப்பது, முறை தவறினால் வெட்டுக்குத்து, எல்லாம் அதிலிருந்து வந்தவை. மழைக்காலத்தில் வெளியூரிலிருந்து அத்தை போன் செய்தால் முதல் கேள்வியே "கம்மா மறுகா பாஞ்சிருச்சா?" என்பதுதான், கண்மாய் நிறைந்து வழிந்துவிட்டதா என்று அர்த்தம்.

அடுத்தது பெரியாறு. மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர்ந்த தண்ணீரை, 1895-இல் அணை கட்டி, மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பினார்கள். வைகையில் உள்ள பேரணை என்ற தடுப்பணையிலிருந்து வரும் கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம். அதற்குக் கீழே நாங்கள் ஒருபோகம். அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, "நிலம் கள்ளந்திரிக்கு மேலயா கீழயா?" என்றுதான் தாத்தா விசாரித்தாராம். மேலே என்றதும் பேச்சு முடிந்தது. அந்த மாமா பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனதே இல்லை. என் சித்தப்பா தை அறுவடை முடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறுவார். கால்வாயில் தண்ணீர் விட்ட சேதி கேட்டால்தான் திரும்புவார். இரண்டு குடும்பத்துக்கும் நடுவே பத்து மைல்கூட இல்லை.

அணை கட்டிய இன்ஜினியர் பென்னிகுயிக்கின் படத்தைக் கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். ஜனவரி 15 அவர் பிறந்தநாள், அன்று அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள். அடையாளம் என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நாடு என்று பெரிதாகப் பார்த்தாலும், எகிப்து மக்கள் ஏறக்குறைய எல்லோரும் நைல் ஓரமாகவே ஒட்டி வாழ்வது இதே கணக்குதான்.

ஆனால் எல்லாவற்றையும் நிலத்தின் தலையில் கட்டிவிட முடியாது. போன வருஷம் நல்ல மழை. எங்கள் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. வரத்துக் கால்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம், ஓரிடத்தில் பிளாட் கல்லே ஊன்றியிருக்கிறார்கள். பங்குனிக்குள் தூர்வாரிவிட வேண்டும் என்று வீட்டுக்கு இவ்வளவு என வரி போட்டு வசூலித்துக்கொண்டிருக்கிறோம்.