சிறு பதிப்பகத்தை எப்படி எடைபோடுவது?

கேள்வி: என் முதல் சிறுகதைத் தொகுப்பை வெளியிட ஒரு சிறு பதிப்பகம் முன்வந்திருக்கிறது. 300 பிரதிகளுக்கு என்னிடம் பணம் கேட்கிறார்கள். ‘பல வருட அனுபவம், எல்லா நூலுக்கும் ஐ.எஸ்.பி.என். உண்டு’ என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: ஐ.எஸ்.பி.என்.னை முதலில் ஒதுக்கி வையுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. சொந்தமாக நூல் போடும் எழுத்தாளர்கூட வாங்கிக்கொள்ளலாம். அது நூலின் அடையாள எண், பதிப்பகத்துக்குக் கிடைத்த தகுதிச் சான்று அல்ல.

அனுபவம் பழைய புத்தகங்களில்தான் தெரியும். நான்கைந்து வருடங்களுக்கு முன் அவர்கள் போட்ட நூல்களில் இரண்டு மூன்றைக் கடையில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் வாங்கிப் படியுங்கள். பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப்பிழை இருந்தால் அங்கே மெய்ப்புப் பார்க்க ஆளில்லை என்று அர்த்தம். உங்கள் கதைகளுக்கும் அதே கதிதான். கிடைக்கவே இல்லையென்றால், வெளியீட்டு விழாவோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. சென்னைப் புத்தகக் காட்சியில் சொந்த அரங்கு இல்லாததை நான் குறையாக நினைக்க மாட்டேன். நல்ல சிறு பதிப்பகங்கள் பலவும் பிறர் அரங்கில் வைத்துத்தான் விற்கின்றன.

இன்னொன்றும் கேளுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் பதிப்பாளர் தன் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். ‘அனுப்புகிறீர்களா?’ என்றதும் விழித்தால் தொழில் தெரியாதவர்.

அப்புறம், அவர்களுடைய எழுத்தாளர்கள் இருவரிடம் பேசுங்கள். பதிப்பாளர் கைகாட்டும் ஆட்கள் வேண்டாம், நீங்களே தேடிப் பிடியுங்கள். விற்பனைக் கணக்கு எழுத்தில் வருகிறதா, ராயல்டியைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதா என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

பணம் கேட்பதாலேயே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அட்டை, வடிவமைப்பு, மெய்ப்பு, அச்சு என்று செலவைப் பிரித்து எழுதித் தரட்டும். அச்சிட்ட 300 பிரதியும் யாருக்குச் சொந்தம் என்பதையும் அதிலேயே கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தம் இல்லாமல் கதைகளைக் கொடுக்காதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். மூன்று ஆண்டு போதுமென்றால் அதைத் தெளிவாக எழுதுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.