மான் மேயாமல் இருக்க முட்டைக் கரைசல்

கேள்வி: கடலூர் மாவட்டம் வேப்பூர் பக்கம், காப்புக்காட்டை ஒட்டி எங்கள் வீடு. ராத்திரியில் புள்ளிமான்கள் வந்து ரோஜா, செம்பருத்தித் துளிரையெல்லாம் தின்றுவிடுகின்றன. வெண்டைக் கன்றும் மிஞ்சவில்லை. கம்பிவேலி போட வசதியில்லை. வீட்டிலேயே ஏதாவது மருந்து தயாரிக்க முடியுமா?

பதில்: முடியும். அதற்கு முன், மேய்ந்தது மான்தானா என்று பார்த்துவிடுங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. துளிரைக் கவ்வி இழுத்துப் பிய்க்கும், அதனால் தண்டின் நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருந்தால் அது முயல். ஆட்டுக்கும் மேலே முன்பல் இல்லை; பகலில் போன செடி என்றால் அவிழ்த்துவிட்ட ஆட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மான்தான் என்றால் முட்டையை நம்பலாம். மிளகாய், பூண்டு எல்லாம் அதற்குத் துணைதான். முட்டை அழுகும்போது வரும் கந்தக வாடை, பக்கத்தில் ஏதோ ஊனுண்ணி இருக்கிறது என்ற பயத்தை மானுக்குக் கொடுக்கிறது. காய்ந்த பிறகு நம் மூக்குக்கு அவ்வளவாகத் தெரியாது, மானுக்குத் தெரியும்.

லிட்டருக்கு ஒரு முட்டை கணக்கு. 5 லிட்டர் தண்ணீரில் 5 முட்டையை உடைத்து நன்றாக அடித்துக் கலக்குங்கள். ஒரு முழுப் பூண்டும் ஒரு கைப்பிடி பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்த்து, இரண்டு நாள் நிழலில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே காற்று சேரும். அப்புறம் பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். இதில் சோம்பல்பட்டால் வெள்ளைக்கரு நூல் தெளிப்பானின் வாயை அடைத்துக்கொள்ளும். கடைசியாகக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்தால் இலையில் ஒட்டும்.

முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்துப் பாருங்கள். இலை கருகவில்லை என்றால், சாயங்காலம் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தெளியுங்கள். மிளகாய் கண்ணில் பட்டால் எரியும். துளிரைத்தான் குறிவைக்க வேண்டும். மாதம் ஒருமுறை போதும் என்றாலும், புதுத் துளிர் விட்டால் அதற்குத் தனியாக அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திரும்ப அடிக்கத்தான் வேண்டும்.

கீரையிலும், பறிக்கப்போகும் வெண்டையிலும் இதைத் தெளிக்கவே கூடாது. பச்சை முட்டையில் நோய்க்கிருமி இருக்கலாம். அங்கே கந்தல் துணியைக் கரைசலில் நனைத்து, பாத்தியைச் சுற்றிக் கயிற்றில் தொங்கவிடுங்கள்.

சித்திரை, வைகாசியில் காடு காய்ந்து பசி முற்றிய மானை வாடை மட்டும் நிறுத்தாது. அப்போது பழைய சேலைகளை ஆள் உயரத்துக்குச் சுற்றிக் கட்டுங்கள். மறுபக்கம் தெரியாத இடத்தில் தாண்டிக் குதிக்க மான் தயங்கும்.

விஷம், சுருக்குக்கம்பி, மின்வேலி இவற்றின் பக்கமே போகாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானைக் கொல்வது குற்றம். நாய் துரத்தி மான் வீட்டுக்குள் வந்துவிட்டால் நாயைக் கட்டிப்போட்டு, வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.