வேலை பிலடெல்பியாவில், இன்னொரு வேலை பிரின்ஸ்டனில்: வீடு எந்தக் கரையில்?

கேள்வி: நாங்கள் இப்போது நியூ ஜெர்சியில் பிளெயின்ஸ்பரோவில் வாடகைக்கு இருக்கிறோம். மனைவிக்கு பிரின்ஸ்டன் பக்கம் ரூட் 1 ஓரத்தில் ஆபீஸ். வாரம் ஐந்து நாளும் போக வேண்டும். எனக்குப் புது வேலை பிலடெல்பியா சென்டர் சிட்டியில். மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. மகள் மூன்றாம் வகுப்பு, மகன் டே கேரில். இனி வீடு வாங்கலாம் என்று நினைக்கிறோம். நண்பர்கள் எல்லாரும் "பென்சில்வேனியா போயிடுங்க, வரி கம்மி" என்கிறார்கள். அங்கே யார்ட்லி, நியூட்டவுன் பக்கம் பார்ப்பதா, நியூ ஜெர்சியிலேயே செர்ரி ஹில் போவதா, இங்கேயே இருப்பதா? நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன்.

பதில்: நண்பர்கள் சொல்வதிலிருந்தே தொடங்குவோம். அது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி வீடு வாங்கிய குடும்பங்கள் நிறைய.

நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையே 1977இலிருந்து ஒரு வரி ஒப்பந்தம் இருக்கிறது. சம்பளத்துக்கான மாநில வருமான வரியை வேலை செய்யும் மாநிலத்துக்குக் கட்ட வேண்டாம், குடியிருக்கும் மாநிலத்துக்குக் கட்டினால் போதும். பென்சில்வேனியாவில் எல்லாருக்கும் ஒரே விகிதம், 3.07 சதவீதம். நியூ ஜெர்சியில் 1.4 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். இதை மட்டும் பார்த்தால் பென்சில்வேனியாதான் லாபம் என்று தோன்றும்.

ஆனால் உங்கள் வேலை பிலடெல்பியா நகர எல்லைக்குள் இருக்கிறது. அந்த நகரம் தனியாக ஒரு சம்பள வரி வாங்குகிறது. வெளியூரில் குடியிருப்பவர்களுக்கு 2025 ஜூலையிலிருந்து 3.43 சதவீதம். மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் இந்த நகர வரியைத் தொடாது. நீங்கள் எங்கே குடியிருந்தாலும் இதைக் கட்டியே ஆக வேண்டும். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. நியூ ஜெர்சியில் குடியிருந்தால், பிலடெல்பியாவுக்குக் கட்டியதை உங்கள் நியூ ஜெர்சி வரியில் ஒரு வரம்புக்கு உட்பட்டுக் கழித்துக்கொள்ளலாம். பென்சில்வேனியாவில் குடியிருந்தால் மாநில வரியில் கழிக்க முடியாது. 3.07, அதற்கு மேல் 3.43, இரண்டையும் கட்ட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவருக்கும் தலா 1 லட்சம் டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். கழிவுகள் எதையும் சேர்க்காமல் பார்த்தால், நியூ ஜெர்சியில் 2 லட்சத்துக்கு வரி ஏறத்தாழ 8,700 டாலர். பிலடெல்பியாவுக்குப் போகும் 3,430 அதில் கழிந்துவிடும் என்பதால் மொத்தமும் அந்த 8,700தான். பென்சில்வேனியாவில் மாநிலத்துக்கு 6,140, பிலடெல்பியாவுக்கு 3,430, ஆக 9,570. சில டவுன்ஷிப்கள் உள்ளூர் வருமான வரி என்று பெரும்பாலும் 1 சதவீதம் எடுக்கின்றன. அப்படி ஒரு டவுன்ஷிப்பில் இருந்தால் உங்கள் மனைவியின் சம்பளத்தில் இன்னும் 1,000 போகும். இன்னொன்றும் உண்டு. 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் நீங்கள் போடும் பணத்துக்கு நியூ ஜெர்சி வரி கேட்பதில்லை, பென்சில்வேனியா கேட்கும். இருவரும் 401கேயில் நன்றாகப் போடுபவர்கள் என்றால் இடைவெளி இன்னும் கூடும்.

அப்படியானால் நியூ ஜெர்சிதான் லாபமா? அதுவும் இல்லை. வீட்டுச் சொத்து வரி என்று வந்தால் நிலைமை திரும்பிவிடும். நியூ ஜெர்சியின் சராசரி பில் 2024இல் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஒரே விலைக்கு வாங்கும் வீட்டுக்கு டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பென்சில்வேனியாவில், பெரும்பாலும் சில ஆயிரம் டாலர் குறைவாக இருக்கும். ஆக, ஒரு கையில் மிச்சமானது இன்னொரு கையில் போய்விடுகிறது. உங்கள் சம்பளத்தையும் நீங்கள் பார்க்கும் வீட்டின் வரி பில்லையும் வைத்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டு கரைக்கும் பெரிய வித்தியாசம் வராது. வேலை பிலடெல்பியாவுக்கு வெளியே, யார்ட்லியும் நியூட்டவுனும் இருக்கும் பக்ஸ் கவுன்ட்டியில் இருந்திருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

இந்த ஒப்பந்தமும் நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். 2016இல் நியூ ஜெர்சி ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி இதை ரத்து செய்வதாக அறிவித்தார். மூன்று மாதத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றார் என்பது வேறு விஷயம். முப்பது வருட வீட்டுக் கடனை வரி ஒப்பந்தத்தின் மேல் கட்ட வேண்டாம்.

சரி, வரி தீர்மானிக்கவில்லை என்றால் எது தீர்மானிக்கிறது? மாலை ஆறு மணிக்கு டே கேர் கதவில் யார் நிற்கப் போகிறார்கள் என்பதுதான். பிற்பகல் ஒரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் யார் கிளம்ப முடியும் என்பதும்தான். உங்கள் வீட்டில் ஐந்து நாளும் காரில் போகிறவர் மனைவி. நகரத்துக்குள் மாட்டிக்கொண்டு ரயிலை நம்பி இருக்கப் போகிறவர் நீங்கள். அவசரத்துக்கு ஓடி வரக்கூடியவர் அவர்தான். அதனால் வீடும் டே கேரும் அவர் ஆபீஸுக்கு அருகில் இருக்க வேண்டும், உங்களுக்கு நேரடி ரயில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தால் பல ஊர்கள் தானாகவே விலகிவிடும்.

முதலில் பிளெயின்ஸ்பரோ. மனைவிக்கு இதைவிட வசதி கிடையாது. வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோ பள்ளிகளும் நல்ல பெயர் எடுத்தவை. மகள் பள்ளி மாற வேண்டாம். சிக்கல் உங்களுக்குத்தான். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் நியூ ஜெர்சி டிரான்சிட் ரயில் ஏறி டிரென்டன் போய், அங்கே பிலடெல்பியா வட்டாரப் போக்குவரத்து நிறுவனமான செப்டாவின் ரயிலுக்கு மாற வேண்டும். அட்டவணையில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இவை இரண்டு தனித்தனி நிறுவனங்கள், டிக்கெட்டும் தனித்தனி. காலையில் உங்கள் ரயில் ஐந்து நிமிடம் தாமதமாக டிரென்டனுக்குள் நுழையும்போது, செப்டா ரயில் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. படியேறி அடுத்த நடைமேடைக்கு இறங்குவதற்குள் கதவு மூடியிருக்கும். அடுத்த ரயிலுக்கு அரை மணி, சில நேரம் ஒரு மணி. மாலையில் இதே கதை தலைகீழாக நடக்கும். வாரத்துக்கு ஒரு நாள் என்றால் பொறுக்கலாம். மூன்று நாள் என்றால் ஒரு குளிர்காலத்திலேயே அலுத்துவிடும். போதாததற்கு, 2025இல் செப்டா நிதி நெருக்கடியில் சிக்கியபோது நிறுத்தப்போவதாகச் சொன்ன ஐந்து பாதைகளில் இந்த டிரென்டன் பாதையும் ஒன்று. தற்காலிகமாகப் பணம் கிடைத்துத் தப்பியது.

செர்ரி ஹில், வூர்ஹீஸ் பக்கம் நிலைமை நேர் எதிர். அங்கே பாட்கோ என்ற தனி ரயில் ஓடுகிறது. லிண்டன்வோல்டில் ஏறினால் அரை மணிக்குள் சென்டர் சிட்டி. ஆபீஸ் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் என்பதால் ஒன்றைத் தவறவிட்டாலும் பதற்றம் இல்லை. உட்க்ரெஸ்ட் நிலையத்துக்கு ஐ-295 நெடுஞ்சாலையிலிருந்து நேராக இறங்கலாம். பெரிய பார்க்கிங் உண்டு. பிலடெல்பியா வேலை ஒன்று மட்டும் இருக்கும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். ஆனால் உங்கள் மனைவி அங்கிருந்து பிரின்ஸ்டனுக்கு ஒரு பக்கம் சுமார் 40 மைல் ஓட்ட வேண்டும், அதுவும் ஐந்து நாளும். அவசரத்துக்கு ஓடி வரக்கூடியவரையே தூரத்தில் கொண்டுபோய் வைப்பதாகிவிடும். இது வேண்டாம்.

நியூட்டவுன் நல்ல ஊர், கவுன்சில் ராக் பள்ளிகளுக்காகப் பலர் போகிறார்கள். ஊருக்குள் பயணிகள் ரயில் கிடையாது. யார்ட்லி அல்லது லாங்ஹார்ன் வரை காரில் வந்து ஏற வேண்டும். உள்ளூர் வருமான வரியும் அங்கே உண்டு. அப்படியிருக்க, யார்ட்லியையே பார்த்துவிடலாம்.

யார்ட்லி செப்டாவின் வெஸ்ட் டிரென்டன் பாதையில் இருக்கிறது. வண்டி மாறாமல் சென்டர் சிட்டி போய்விடலாம், ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். மனைவி ஸ்கடர் ஃபால்ஸ் பாலம் வழியாக ஐ-295இல் நியூ ஜெர்சிக்குள் போகலாம். டோல் பென்சில்வேனியாவுக்குள் வரும்போது மட்டும்தான், அதாவது மாலையில் மட்டும். ஆனால் அந்தப் பாலத்தையும் ரூட் 1ஐயும் நெரிசல் நேரத்தில் ஐந்து நாளும் கடப்பது அவர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அதே ரயில் பாதை யார்ட்லியோடு முடிவதில்லை. ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் வந்து, யூயிங் டவுன்ஷிப்பில் இருக்கும் வெஸ்ட் டிரென்டன் நிலையத்தில்தான் முடிகிறது. அதாவது நியூ ஜெர்சியில் குடியிருந்துகொண்டே, டிரென்டனில் வண்டி மாறாமல், தொடக்க நிலையத்தில் உட்கார இடம் பிடித்து பிலடெல்பியா போகலாம். அங்கிருந்து காரில் எட்டக்கூடிய தூரத்தில் பென்னிங்டன், ஹோப்வெல் டவுன்ஷிப், லாரன்ஸ் எல்லாம் இருக்கின்றன. மனைவிக்கு பாலம் இல்லை, டோல் இல்லை. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வட்டாரத்தைத்தான். ஹோப்வெல் வேலி பள்ளிகளும் லாரன்ஸ் பள்ளிகளும் வெவ்வேறு மாவட்டங்கள். இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள். ரேட்டிங் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் மகளின் வகுப்பில் எத்தனை பேர், பள்ளி முடிந்த பிறகு ஆறு மணி வரை வைத்துக்கொள்ள இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த இடங்களுக்குக் காத்திருப்போர் பட்டியல் இருப்பது சகஜம்.

இந்தப் பாதையின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பாட்கோ போல அடிக்கடி ரயில் இல்லை. நடுப்பகலில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதனால்தான் அவசரத்துக்கு வருபவர் மனைவி என்று முதலிலேயே முடிவு செய்தோம்.

வீடு தேடும்போது இந்தப் பகுதியில் ஒரு குழப்பம் நிச்சயம் வரும். விளம்பரத்தில் "பிரின்ஸ்டன்" என்று முகவரி போட்டிருக்கும். அது தபால் முகவரி மட்டும்தான். அந்த வீடு லாரன்ஸிலோ, சவுத் பிரன்ஸ்விக்கிலோ, வெஸ்ட் விண்ட்சரிலோ இருக்கலாம். பள்ளியும் சொத்து வரியும் வீடு உண்மையில் எந்த டவுன்ஷிப்பில் இருக்கிறதோ அதைப் பொறுத்தவை. ரியல்டர் வாய்மொழியாகச் சொல்வதை வைத்துக்கொள்ளாமல், போன வருடத்துச் சொத்து வரி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். எந்த டவுன்ஷிப் என்று அதில் இருக்கும். பிறகு பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு போன் செய்து, அந்த முகவரியைச் சொல்லி எந்தப் பள்ளி என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இனி காகித வேலைகள். நியூ ஜெர்சியிலேயே இருப்பதாக முடிவானால், புது கம்பெனியில் சேரும் நாளிலேயே ஆர்இவி-419 என்ற படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். பென்சில்வேனியா வரி பிடிக்க மாட்டார்கள். யார்ட்லிக்குப் போனால் உங்கள் மனைவி அவர் ஆபீஸில் என்ஜே-165 கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால் பணம் தொலைந்துவிடாது, ஆனால் அடுத்த மாநிலத்தில் ரிட்டர்ன் போட்டுத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்யும் இரண்டு நாட்களைப் பற்றி கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். கம்பெனியே அந்த நாட்களில் வெளியே வேலை செய்யச் சொல்லியிருந்தால் அவற்றுக்கு பிலடெல்பியா வரி இல்லை. உங்கள் வசதிக்காக நீங்களே வீட்டிலிருந்தால் வரி உண்டு.

பென்சில்வேனியாவில் வாங்கினால் சொத்து மாற்று வரி பொதுவாக 2 சதவீதம், வழக்கமாக வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதி. 6 லட்சம் டாலர் வீட்டுக்கு உங்கள் பங்கு 6,000. நியூ ஜெர்சியில் அந்தக் கட்டணம் விற்பவருடையது. மாநிலம் மாறினால் ஓட்டுநர் உரிமம், கார் பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் மாற்ற வேண்டும்.

விசா விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் எச்-1பி மனு வேலை செய்யும் இடத்தோடு கட்டப்பட்டது. வாரம் இரண்டு நாள் வீட்டில் வேலை என்றால் வீடும் ஒரு வேலை இடம். பிலடெல்பியாவும் டிரென்டன்-பிரின்ஸ்டனும் அரசுக் கணக்கில் தனித்தனிப் பெருநகரப் பகுதிகள். அதனால் திருத்திய மனு தேவையா என்பதை கம்பெனியின் குடியேற்ற வழக்கறிஞரிடம், வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வீடு மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு முகவரி மாற்றமும் தெரிவிக்க வேண்டும்.

இப்போதைக்கு உடனே வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. புது வேலையில் மூன்று நாள் என்று சொல்வார்கள்; ஆறு மாதத்தில் நான்கு, ஐந்து என்று மாற்றிய கம்பெனிகள் உண்டு. உங்கள் குத்தகை முடியும் வரை பிளெயின்ஸ்பரோவிலேயே இருங்கள். அந்தக் காலத்தில் வெஸ்ட் டிரென்டன் நிலையத்துக்கு காரில் போய் அங்கிருந்து ரயிலில் போய் வாருங்கள். செவ்வாய் அல்லது புதன்கிழமை போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சாலை காலியாக இருந்து ஏமாற்றும். மனைவியையும் ஒரு நாள் மாலை ஐந்தேகாலுக்கு ஆபீஸிலிருந்து பென்னிங்டனுக்கும், இன்னொரு நாள் யார்ட்லிக்கும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு எது இலகுவாக இருக்கிறதோ அந்தப் பக்கத்தில், குளிர்காலம் முடிந்து வீடுகள் அதிகமாக விற்பனைக்கு வரும்போது தேடத் தொடங்குங்கள். செப்டம்பரில் பள்ளி திறப்பதற்குள் குடியேற நேரம் இருக்கும்.