மதுரைக்காரர்கள் கேட்ட கடற்கரைக் கேள்விகள்

மதுரையிலிருந்து கடல் பார்க்க வேண்டுமென்றால் ராமநாதபுரம் தாண்டிப் போக வேண்டும். ஆனாலும் இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கடற்கரையைப் பற்றித்தான். தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்வந்தவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் பெரிய சந்தோஷம். நம் ஆற்றுக்கும் அந்தக் கடலுக்கும் உள்ள உறவை நாம் பேசிப் பல காலமாகிறது.

கேள்வி: தனுஷ்கோடி ரோட்டில் போகும்போது இடப்பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கிறது; வலப்பக்கம் அலை அடிக்கிறது. பெண்கடல், ஆண்கடல் என்கிறார்கள். நடுவில் இருக்கும் மணல்திட்டு எப்படி வந்தது? (அனுப்பானடி)

இடப்பக்கம் பாக் விரிகுடா. பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான். கிழக்கே இலங்கை மறைத்து நிற்கிறது. வலப்பக்கம் மன்னார் வளைகுடா இந்தியப் பெருங்கடலைப் பார்த்துத் திறந்து கிடப்பதால், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தூரத்து அலையெல்லாம் அங்கே வந்து மோதும். கார்த்திகை, மார்கழியில் வாடை அடிக்கும்போது போய்ப் பாருங்கள், பெண்கடலும் சீறும்.

இரண்டு பக்கத்து அலையும் நீரோட்டமும் தள்ளிவிடும் மணல் இடையில் தங்கித்தான் அந்தத் திட்டு நீண்டது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவு கீழே இருந்தது. பாக் விரிகுடா அப்போது நடந்துபோகும் தரை. பிறகு கடல் ஏறி அதை மூடியது. மணல்திட்டு அலை கொடுத்த இடம். அலையே எடுத்துக்கொள்ளவும் செய்யும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரும் ரயிலும் போனது அப்படித்தான். அங்கே நிரந்தரக் கட்டடம் எழுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வைகையில் மணல் அள்ளினால் கடற்கரை கெடும் என்று பேராசிரியர் ஒருவர் பேசக் கேட்டேன். மதுரை எங்கே, கடல் எங்கே? (சோழவந்தான்)

கடற்கரை மணலில் பெரும்பங்கு மலையிலிருந்து வந்தது. வருசநாட்டு மலையின் பாறை வெயிலிலும் மழையிலும் நொறுங்கி, வெள்ளத்தில் உருண்டு தேய்ந்து மணலாகிறது. அலை தினமும் கரையிலிருந்து மணலை எடுக்கிறது, ஆறு கொண்டுவந்து போடுகிறது. வரவு நின்று செலவு மட்டும் நடக்கும் குடும்பத்தைப் போல, ஆற்று மணல் வராத கரை தேய்ந்துகொண்டே போகும்.

வைகையின் நீளம் 258 கிலோமீட்டர். 1959 முதல் வைகை அணை மேலிருந்து வரும் மணலைப் பிடித்து வைக்கிறது. அப்புறம் பேரணை, விரகனூர், பார்த்திபனூர் என்று ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் பிரிகிறது. மிச்சம் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிறது. ஆற்றங்கரை என்ற ஊரில் உள்ள வைகை முகத்துவாரம் ஆற்றுத் தண்ணீரைப் பார்ப்பது நல்ல வெள்ள வருடங்களில்தான். கண்மாய்ப் பாசனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மழை குறைந்த சீமையில் நம் முன்னோர் கண்ட வழி அது. என் வருத்தமெல்லாம் அணைக்குக் கீழே மிஞ்சிய மணலையும் லாரி லாரியாக ஏற்றிவிட்டோமே என்பதுதான். ஆற்றில் பத்தடிப் பள்ளம் இருந்தால் அடுத்த வெள்ளம் கொண்டுவரும் மணல் முதலில் அந்தப் பள்ளத்தைத்தான் நிரப்பும். கடலுக்கு எதுவும் போய்ச் சேராது. மணல் போன ஆற்றில் ஊற்றும் போய்விடும். கரையோரக் கிணறுகளைக் கேட்டால் சொல்லும்.

ராமநாதபுரம் கரைக்கு வைகை மட்டுமே மணல் கொடுப்பதில்லை. கரையோர நீரோட்டம் கொண்டுவருவது உண்டு, சிப்பி, பவளத் துணுக்குகளும் உண்டு. அதனால் அங்குள்ள அரிப்பு முழுவதற்கும் மதுரைதான் பொறுப்பு என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிபடுகிறது என்று 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து மத்திய அரசின் ஆய்வே சொல்லியிருக்கிறது. அதற்கான காரணங்களில் அணைகளும் மணல் அள்ளுவதும் முக்கியமானவை.

கேள்வி: பாண்டியன் வேல் விட்டுக் கடலை வற்றவைத்த கதை இருக்கிறது, ஏழுகடல் தெரு இருக்கிறது. மதுரை வரைக்கும் கடல் இருந்ததா? (தெற்கு மாசி வீதி)

மனிதர் வாழ்ந்த காலத்தில் இல்லை. மதுரை கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 100 மீட்டர் மேலே, 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய பாறை மேல் இருக்கிறது. ஆனால் கடல் விலகிப்போன நினைவு பாண்டிய நாட்டுக்கு உண்டு. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கரையை வெளியே தள்ளிவிட்டது. வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் ரோமானியக் காசும் பானையோடும் கிடைத்திருக்கின்றன.

கேள்வி: எங்கள் சொந்த ஊர் கீழக்கரைப் பக்கம். கடல் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்டு மனுக் கொடுக்கப் போகிறோம். (வில்லாபுரம்)

மனுக் கொடுப்பதற்கு முன் பக்கத்து ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே கல்லைப் போட்டால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனது. புதுச்சேரியிலும் துறைமுகச் சுவருக்குப் பின் நகரத்தின் மணற்கரை காணாமல் போனது. உங்கள் தெருவைக் காப்பாற்றும் கல் அடுத்த குப்பத்தின் வீட்டை எடுத்துவிடக் கூடாது. வீடுகள் விழும் நிலையில் கல் தவிர்க்க முடியாததுதான். ஆனால் கரை முழுவதையும் சேர்த்து ஆய்வு செய்யச் சொல்லி மனுவில் எழுதுங்கள்.

மணல்மேட்டில் அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் இருந்தால் அழிக்காதீர்கள். அவை மணலைப் பிடித்து வைக்கும். உங்கள் பக்கத்துக்குக் கடவுள் கொடுத்த அலைத்தடுப்பு பவளப்பாறை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல ஆண்டுகள் அதை வெட்டினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் மூழ்கிவிட்டன. தூத்துக்குடி அருகே தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க இப்போது கடலுக்குள் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் பவளக்கல் விற்கிறார்கள். மீன்தொட்டியில் வைக்கலாமா? (திருநகர்)

வாங்காதீர்கள். புலிக்கு இருக்கும் அதே சட்டப் பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு.

கேள்வி: அக்னி தீர்த்தத்தில் குளித்தபின் துணியைக் கடலில் விடுவது தப்பா ஐயா? வீட்டில் பெரியவர்கள் கேட்க மாட்டேன் என்கிறார்கள். (உசிலம்பட்டி)

இன்று நாம் உடுத்துவதில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. அது மக்காது. கடற்புல் மேலும் பவளத்தின் மேலும் போர்த்திக்கொண்டு வெயில் படாமல் மூச்சடைக்கவைக்கும். பாக் விரிகுடாவின் கடற்புல்லை மேய்ந்துதான் ஆவுளியா, அதாவது கடற்பசு, உயிர் வாழ்கிறது. 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை அதன் காப்பகமாக அரசு அறிவித்தது அது அவ்வளவு அருகிவிட்டதால்தான். பெரியவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஈரத்துணியைப் பையில் போட்டுக் கொண்டுவந்து துவைத்து, தேவைப்படுகிறவருக்குக் கொடுத்தாலும் தானம்தான்.

ராமேஸ்வரம் போகாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பந்தல்குடி வாய்க்கால் வைகையில் கொண்டுவந்து விடும் சாக்கடையும் பாலிதீனும் ஐப்பசி வெள்ளம் வரை ஆற்றில் காத்திருக்கும். பிறகு கீழே உள்ள கண்மாய்களுக்குப் போகும், வெள்ளம் மிஞ்சினால் கடலுக்கும் போகும்.

கேள்வி: மீனில் பிளாஸ்டிக் இருக்கிறதாமே, சாப்பிடலாமா? (மாட்டுத்தாவணி)

சாப்பிடலாம். மீன் விழுங்கும் பிளாஸ்டிக் துகள் அதிகம் தங்குவது குடலில். பெரிய மீனில் அதை எப்படியும் எடுத்துவிடுகிறோம். நெத்திலியைத் தலையும் குடலும் கிள்ளி எடுத்துச் சமைத்தால் போதும்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறோம். அங்கே என்ன காட்டலாம்? (மேலூர் ஆசிரியை)

ஒரு காந்தமும் கொஞ்சம் வினிகரும் எடுத்துப் போங்கள். கைப்பிடி உலர்ந்த மணலைத் தாளில் பரப்பி, தாளுக்கு அடியில் காந்தத்தை ஓட்டினால் இரும்புச் சத்துள்ள கருமணல் பிரிந்து ஓடும். வெள்ளையாக மின்னுவது குவார்ட்ஸ். சிவப்புத் துணுக்கு இருந்தால் பெரும்பாலும் கார்னெட், நம் பக்கத்து மலைப்பாறையிலும் உள்ள கனிமம். வினிகர் விட்டால் நுரைப்பது சிப்பி, பவளத் துண்டு. கிளம்புமுன் வைகையில் ஒரு கைப்பிடி மணல் எடுத்து இதே சோதனையைச் செய்துவிடுங்கள். எது இரண்டிலும் இருக்கிறது, எது கடலில் மட்டும் இருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.